எந்திர நாகரிகமும் இரு மறுப்புகளும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செருமனியில் எந்திரத் தொழிலும் முதலாளித்துவமும் ஒருங்கே ஓங்கின. அவற்றை மறுத்தோருள் இருவர் ஈண்டு ஒப்பிடத்தக்கவர்.

லுட்விக் கிளாகெஸ், கிறித்துவத்திற்கு முற்பட்ட இயற்கை வழிபாட்டைப் போற்றிய மூனிக் குழுவினர். மைசுனர் மலையில் 1913இல் கூடிய இளைஞர்க்கென அவர் வரைந்த 'மனிதனும் பூமியும்' என்னும் கட்டுரை, காடும் விலங்கும் அழிதற்கு ஆதாய வேட்கையே காரணம் எனச் சாடிற்று. குசுடாவ் லாண்டவரோ அரசிலாக் கொள்கையினர். முதலாளித்துவத்தினின்று விலகி, உழவும் கைத்தொழிலும் இணைந்த சிற்றூர்க் கூட்டுவாழ்வை அமைத்தலே நெறி என்றார் அவர்.

இருவரும் கண்ட நோய் ஒன்றே. பழியைச் சுமத்திய இடமே வேறு. கிளாகெஸ், உயிர்க்குப் பகை அறிவே என்றதோடு நில்லாது யூதரையும் பழித்தார். சூலரின் எழுத்துகளுக்கு 1940இல் அவர் வரைந்த முன்னுரையே இதற்குச் சான்று. லாண்டவரோ, அரசு என்பது மக்கள் தம்முள் கொண்ட உறவுமுறையே என்றும், வேறுவகை உறவால் அது மறையும் என்றும் 1910இல் எழுதினார். யூதராகிய அவரை, மூனிக் மன்றக் குடியரசு வீழ்ந்தபோது, 1919 மே 2ஆம் நாள் படையினர் சிறையில் கொன்றனர்.

ஆதலின், எந்திர மறுப்பு ஒன்றுகொண்டே ஒருவரைப் பாசிசத்திற்கு அணியர் என்றோ பகைவர் என்றோ துணிதல் இயலாது. தீமையை உறவுமுறையில் காண்கின்றாரா, ஓர் இனத்தின்மேல் ஏற்றுகின்றாரா என்பதே அளவுகோலாகும்.