கைத்தொலைபேசியும் வாக்காளர் இடாப்பும்

வெள்ளவத்தையிற் காலி வீதி நெடுகிலும், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும், ஒரு மேசையும் ஒரு விளக்கும் சில சிற்றாயுதங்களும் கொண்டு சீவனம் நடத்தும் தொலைபேசித் திருத்துநரை நாம் நாள்தோறும் காண்கிறோம். அண்மையில் எம் மாணவனொருவனின் கைத்தொலைபேசியை அத்தகைய கடையொன்றுக்கு எடுத்துச் சென்றோம். கருவியிற் பழுதில்லை, மின்கலம் மட்டுமே தேய்ந்திருந்தது. ஆயினும், பசையிட்டு ஒட்டப்பட்ட அதன் முதுகைப் பிளந்தால் திரை உடையக்கூடும் என்றார் கடைக்காரர். உடையாமல் மாற்றினாலும், அதற்குரிய மென்பொருளைப் புதுப்பிப்பதை ஆக்கிய நிறுவனம் நிறுத்தி ஈராண்டாயிற்று என்றும் சொன்னார். “புதுசா ஒண்டு எடுக்கிறதுதான் நல்லது, சேர்.”

காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திறக்கும் உரிமை வாங்கியவனுக்கு எவ்வாறு இல்லாது போயிற்று? வரலாற்றிடமே இதற்கு விடை தேடவேண்டும்.

இலங்கையில் முதலாவது தந்திக் கம்பி 1858 இல் காலிக்கும் கொழும்புக்குமிடையே இழுக்கப்பட்டது. குடியேற்ற ஆட்சிக்கும் வணிகருக்கும் பயன்பட்ட தொலைத்தொடர்பு, பொதுமக்களின் கைக்கு வர ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. 1989 இல் செல்டெல் நிறுவனம் சேவை தொடங்கியபோது, தெற்காசியாவிற் கைத்தொலைபேசியைக் கண்ட முதல் நாடாக இலங்கை விளங்கியது. பின்னர் ஏழை எளியவரிடமும் வந்துசேர்ந்த கருவிகளின் மூடியை நகத்தால் நீக்கி மின்கலத்தை மாற்றக்கூடியதாயிருந்தது. 2007 இல் அப்பிளின் ஐபோன் மின்கலத்தை உள்ளே வைத்து மூடிக்கொண்டு வெளிவந்தது. காலப்போக்கில் ஏனைய நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. மெல்லிய வடிவமும் நீர் புகாமையும் காரணங்களாகக் கூறப்பட்டன. அவை பொய்யல்ல. ஆனால், திருத்த முடியாத பொருளுக்குப் பதிலாக இன்னொன்று விற்பனையாகும் என்பதும் பொய்யன்று.

உடல் மூடப்பட்டவாறே உள்ளமும் மூடப்பட்டது. கருவியை இயக்கும் பணிசெயல் முறைமையைச் சொல்கிறோம். 2008 இல் முதற்கருவியைக் கண்ட அன்ட்ரொயிட்டின் அடித்தளம் எவரும் படித்துத் திருத்தக்கூடியவாறு வெளியிடப்படுவதே. எனினும், நம் கடைகளில் விற்கப்படும் அன்ட்ரொயிட் கருவிகளிற் பெரும்பாலானவற்றில் அதன்மீது கூகிளின் மூடிய சேவைகள் ஏற்றப்பட்டுள்ளன. நாம் எங்கே நிற்கிறோம், எதைத் தேடுகிறோம் என்பன பதிவாகின்றன. விளம்பர வாணிகத்துக்கு அவையே மூலப்பொருள்.

“மறைப்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது?” என்று கேட்கும் நண்பர்களுண்டு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நாம் அவ்வாறு கேட்கலாகாது. 1983 யூலையில் கொழும்பிலே தமிழர் வீடுகளையும் கடைகளையும் தேடி வந்தோர் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன. வாக்களிக்கவென்று தொகுத்த பெயர்களும் முகவரிகளும் தீவைப்பதற்கு வழிகாட்டின. 2007 யூன் 7 ஆந் திகதி, கொழும்பின் விடுதிகளிற் தங்கியிருந்த தமிழர் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் பஸ்களில் ஏற்றி நகரைவிட்டு அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. எங்கே யார் தங்கியிருக்கிறார் என்ற அறிவு அதிகாரத்தின் கையில் என்ன செய்யும் என்பதை இந்நகர் இருமுறை கண்டது. அன்றைய இடாப்பில் முகவரி மட்டுமே இருந்தது. இன்றைய கைத்தொலைபேசியோ நடமாட்டம், நட்பு, நாட்டம் யாவற்றையும் நாமே சுமந்து திரியும் இடாப்பாகிவிட்டது.

அதே 1983 ஆம் ஆண்டு செப்டெம்பரில், அமெரிக்காவில் ரிச்சட் ஸ்டோல்மன் ‘க்னூ’ என்னும் திட்டத்தை அறிவித்தார். கணினியின் நிரலைப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் அதைப் பயன்படுத்துபவருக்கு உரிமை வேண்டுமென்பது அதன் கோட்பாடு. 1991 இற் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிய லினக்ஸ் கருவே அன்ட்ரொயிட்டின் அடியிலும் இயங்குகிறது. அம்மரபிலிருந்தே லினியேஜ், கிராபீன், பிரான்சியரான கயேல் டுவாலின் ‘ஈ’ ஆகிய மாற்று முறைமைகள் பிறந்தன. கூகிளின் சேவைகள் இன்றியே இவை இயங்கவல்லன. நிறுவனங் கைவிட்ட பழைய கருவிகள் பலவற்றுக்கு லினியேஜ் மீண்டும் வாழ்வளிக்கிறது. திருத்தும் உரிமையும் அந்தரங்க உரிமையும் இவ்விடத்தில் ஒன்றாகின்றன. 2013 இல் நெதர்லாந்தில் நிறுவப்பட்ட ஃபெயார்போன், சாதாரண திருகாணி முடுக்கியாற் திறக்கத்தக்க கருவிகளைச் செய்கிறது. 2015 இல் வெளிவந்த அதன் இரண்டாம் மாதிரி 2023 வரை மென்பொருட் புதுப்பிப்புப் பெற்றது.

இது அந்நியர்க்கே கைவந்த கலையுமன்று. 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையின்பின், காணாமற்போனோரையும் முகாம்களில் இருந்தோரையும் பதிவுசெய்ய இலங்கை நிரலாளர்கள் தொண்டர்களாகக் கூடி ‘சஹானா’ என்னும் திறந்த மென்பொருளை ஆக்கினர். 2006 இற் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன்பாட்டு விருது அதற்குக் கிடைத்தது. ஆகவே, இடாப்பு தன்னளவிற் தீயதன்று. அதை வைத்திருப்பவர் யார், அதன் இயக்கத்தைப் பொதுமக்கள் சோதிக்க முடியுமா என்பவையே வினாக்கள்.

இம்மாற்று வழிகளை மிகைப்படுத்துதலும் தகாது. ஃபெயார்போன் பெரும்பாலும் ஐரோப்பியச் சந்தைக்குரியது; அதன் விலை நம் ஆசிரியரின் சம்பளத்துக்கு எட்டாதது. மாற்று முறைமைகள் எல்லாக் கருவிகளுக்கும் பொருந்தா. சில வங்கிச் செயலிகள் அவற்றில் இயங்க மறுக்கும். எந்த முறைமையை நிறுவினாலும், நாம் எந்தக் கோபுரத்தின் அருகே நிற்கிறோம் என்பது தொலைபேசி நிறுவனத்துக்குத் தெரிந்தேயிருக்கும்.

ஆதலின், தனியொருவரின் சாமர்த்தியம் போதாது, சட்டமும் வேண்டும். 2022 இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அது நடைமுறையில் உயிர்பெற வேண்டும். 2025 யூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி, ஒரு மாதிரியின் விற்பனை முடிந்தபின்னும் ஏழாண்டுக்கு உதிரிப்பாகங்களும் ஐந்தாண்டுக்கு மென்பொருட் புதுப்பிப்பும் வழங்கவேண்டுமென நிறுவனங்களைப் பணிக்கிறது. டொலர் நெருக்கடியின்போது, 2021 செப்டெம்பரில், கைத்தொலைபேசி இறக்குமதிக்கு நூறு வீத முற்பணம் கேட்ட மத்திய வங்கியின் நாட்டுக்கு அத்தகைய விதி ஆடம்பரமன்று. ஒரு கருவி இரட்டிப்புக் காலம் உழைத்தால் அந்நியச் செலாவணி மிஞ்சும். முதலாம் குறுக்குத் தெருவின் தொழிலாளிக்கும் வேலை மிஞ்சும்.

நம் மாணவனின் தொலைபேசியை அக்கடைக்காரர் ஈற்றிற் சூடுகாட்டிப் பொறுமையுடன் திறந்தார். திரை உடையவில்லை, புதிய மின்கலம் ஏறிற்று. உள்ளிருக்கும் மென்பொருள் இன்னும் பழையதே. அதற்கு ஏற்ற மாற்று முறைமை உண்டா என்று அவனும் தோழர்களும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இப்பாடம் நம் பாடத்திட்டத்தில் இல்லை. ஆயினும் பாடசாலை விட்டபின் அவர்களோடு நாமும் அமர்ந்து கற்கிறோம்.