கிறிஸ்தியானியாவும் நிலவுடைமை வினாவும்

டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்ஹேகனில் கிறிஸ்தியான்ஸ்ஹவுன் என்னும் பகுதி, பதினேழாம் நூற்றாண்டில் நான்காம் கிறிஸ்தியான் மன்னன் அமைத்ததாகும். அங்கே, அகழியும் மண் அரணும் சூழ்ந்த இடத்தில், நெடுங்காலம் படைமுகாம் ஒன்று இருந்தது. 1971ஆம் ஆண்டளவில் படையினர் அதனைவிட்டு அகன்றனர். ஏறத்தாழ 34 ஹெக்டேயர் நிலமும் அதிலுள்ள கட்டடங்களும் வெறுமையாய்க் கிடந்தன. அதேவேளை நகரில் இளைஞரும் வறியோரும் குடியிருக்க வீடின்றி அல்லலுற்றனர். இந்த முரண்பாட்டிலிருந்தே கிறிஸ்தியானியா தோன்றியது எனலாம்.

முகாமின் வேலியை முதலில் தகர்த்தவர்கள் கலைஞர்களல்லர். தம் பிள்ளைகள் விளையாட இடம் தேடிய அயலவர்களே. 1971 செப்டெம்பர் 26ஆந் திகதி, யாக்கொப் லுட்விக்சன் என்னும் பத்திரிகையாளரும் அவர்தம் தோழரும் அதனைச் சுதந்திர நகரெனப் பிரகடனஞ் செய்தனர். ஓவியரும் இசைஞரும் நாடகக் கலைஞரும் வீடற்றோரும் அங்கு குடியேறினர். பழைய படைமனைகள் பட்டறைகளாகவும் அரங்குகளாகவும் மாறின. இப்பட்டறைகளில் உருவாக்கப்பட்ட, முன்புறம் பெட்டி பொருத்திய மூன்று சக்கர மிதிவண்டி உலகெங்கும் பெயர் பெற்றது.

அரசின் நிலைப்பாடு உறுதியற்றதாகவே இருந்தது. 1973இல் மூன்றாண்டுகளுக்குச் சமூகப் பரிசோதனை என அது குடியேற்றத்தை ஏற்றுக்கொண்டது. பின்னர் 1976 ஏப்ரல் 1ஆந் திகதிக்குள் வெளியேறுமாறு பணித்தது; மக்கள் திரண்டெழவே வெளியேற்றம் கைவிடப்பட்டது. 1978இல் உயர்நீதிமன்றம் நிலம் அரசினதே எனத் தீர்ப்பளித்தபோதும் மக்கள் அகற்றப்படவில்லை. 1989ஆம் ஆண்டுச் சட்டமே குடியேற்றத்திற்கு முதன்முறையாகச் சட்ட அடிப்படை தந்தது.

சட்டத்தை மறுத்தோர் கூடிய இடமென இதனைக் கொள்வது பொருந்தாது. தமக்குரிய சட்டத்தை அவர்கள் தாமே வகுத்தனர். முடிவுகள் வாக்கெடுப்பாலன்றி, பொதுக்கூட்டத்தில் யாவரும் இணங்கும்வரை பேசியே எட்டப்பட்டன. வீட்டில் வாழ்பவர் அதனை விற்க முடியாது. வெறுமையான வீட்டில் யார் குடியேறுவது என்பதை அப்பகுதியினரே கூடித் தீர்மானிப்பர். மோட்டார் வண்டி, ஆயுதம், வன்முறை, கொடிய போதைப்பொருள் ஆகியன விலக்கப்பட்டன. ஹெரோயின் பலரைப் பலிகொண்டபோது, 1979இல் குடியிருப்பாளரே நாற்பது நாட்கள் காவல் நின்று அதனை விற்போரை வெளியேற்றினர்.

எனினும் கஞ்சாவை அவர்கள் விலக்கவில்லை. அதன் பயன் கசப்பானது. கஞ்சா விற்கப்பட்ட புஷர் வீதி காலப்போக்கிற் குற்றக் கும்பல்களின் கைக்குச் சென்றது. 2016இல் அங்கு பொலிசார் சுடப்பட்டனர். அதையடுத்துக் குடியிருப்பாளர் விற்பனைக் கொட்டில்களைப் பிரித்தெறிந்தனர். அவை மீண்டும் முளைத்தன. 2023இல் துப்பாக்கிச் சூட்டில் ஓர் உயிர் பலியாயிற்று. 2024 ஏப்ரல் 6ஆந் திகதி குடியிருப்பாளர் தாமே அவ்வீதியின் கற்களைப் பெயர்த்தெடுத்தனர். வேலியைத் தகர்த்துத் தொடங்கிய வரலாறு, ஒரு வீதியைத் தகர்க்கவும் வேண்டியதாயிற்று.

நிலவுடைமை வினாவுக்கு விடை இதற்கு முன்னரே கிட்டியிருந்தது. 2011இல் உயர்நீதிமன்றம் மீண்டும் அரசின் உரிமையை உறுதிசெய்தது. அடுத்த ஆண்டு, குடியிருப்பாளர் அமைத்த அறநிதியம் குடியிருப்பின் ஒரு பகுதியைச் சுமார் 7 கோடி 60 இலட்சம் குரோனருக்கு வாங்க முற்பட்டது. உடைமையை மறுத்தோர் உடைமையாளராயினர் எனச் சிலர் எள்ளி நகையாடினர். ஆயின், வாங்கியது தனியொருவரன்று, நிதியமே. நிலத்தைக் கூறுபோட்டு விற்கும் உரிமை எவருக்குமில்லை. பொதுக்கூட்டத்தில் இணங்கிப் பேசும் பொறுமை குன்றுமாயின் அந்நிலமும் ஏனைய நகர் நிலங்களைப் போலவே விலைப்பொருளாகிவிடும். அந்தப் பொறுமையே கிறிஸ்தியானியாவின் உண்மையான அரண் எனலாம்.