மேடையில் யேசு: புண்படுவது எது?

சமயக் கதையை இசை நாடகமாக்கினால் கிறிஸ்தவ நண்பர்களின் மனம் புண்படுமா? வரலாறு இதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் தருவதில்லை.

ஜேர்மனியின் ஒபரமெர்கவ் கிராமத்தவர், கொள்ளைநோய்க் காலத்தில் வைத்த நேர்த்தியின்படி 1634இல் யேசுவின் பாடுகளை நடித்தனர். 2022இலும் அங்கே அது மேடையேறியது. 1724இல் பாக் அதே பாடுகளை லைப்சிக் தேவாலயத்தில் இசையாக வழங்கினார். ஆகவே பாட்டும் நடிப்பும் கிறிஸ்தவருக்கு அந்நியமானவை அல்ல.

ஆனால் அன்ட்ரூ லொயிட் வெபரும் ரிம் ரைஸும் ஆக்கிய 'ஜீஸஸ் கிறைஸ்ட் சுப்பர்ஸ்டார்' 1971 ஒக்டோபரில் நியூயோர்க்கில் மேடையேறியபோது, அரங்க வாசலில் எதிர்ப்பாளர்கள் கூடினர். றொக் இசை மட்டும் காரணமன்று. கதை சிலுவையோடு முடிந்தது. விசுவாசத்தின் மையமான உயிர்த்தெழுதல் அதில் இல்லை. அனுதாபமோ யூதாசின் பக்கம் சாய்ந்தது. யூத மதகுருமாரைச் சித்திரித்த விதம் பழைய பழியைப் புதுப்பிப்பதாக யூத அமைப்புகளும் கண்டித்தன. மறுபுறம், இளைஞரை யேசுவிடம் ஈர்க்கும் என அதை வரவேற்ற கிறிஸ்தவர்களும் இருந்தனர். லண்டனில் அது 1972 முதல் 1980 வரை ஓடியது. எதிர்ப்பு நிகழ்ந்த அந்த மார்க் ஹெலிங்கர் அரங்கிலோ 1989 முதல் ஒரு திருச்சபை வழிபட்டு வருகிறது.

ஈஸா நபியை உருவப்படுத்தவே தயங்கும் நாம், நமது அளவுகோலால் அவர்களது வேதனையை அளக்க இயலாது. கதையில் எது விடுபட்டது, பழி யார்மீது விழுந்தது என்பவற்றைக் கவனித்து, நண்பரிடமே கேட்டறிவதுதான் முறை.