பஞ்சாலையிலிருந்து ஒலிம்பிக் தங்கம் வரை



"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுப்பா" என்று சங்கத்து அண்ணன் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது நம்ம வாலிபால் கிரவுண்டுதான். கூத்தாநல்லூர்ப் பக்கம் அறுவடை முடிந்த வயலில்கூட இரண்டு மூங்கிலை நட்டு நெட் கட்டி ஆடியவர்கள் நாம். ஆனால் நம் வகுப்புப் பெண்கள் எப்போது ஆடுவார்கள் என்று நாம் ஒருநாளும் யோசித்ததில்லை. நன்றாக ஆடிய ஒரு தோழி, படிப்பு முடிந்த கையோடு கல்யாணமாகி, "இனிமே எங்க பந்து?" என்று சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பு மனதில் நின்றதால்தான் இந்த வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

மசாயே கசாய் 1933ல் ஜப்பானின் யாமனாஷி பகுதியில் பிறந்தவர். ஒசாகா பக்கம் கைசுகா என்ற ஊரில் நிச்சிபோ கம்பெனியின் பஞ்சாலை. அதன் பெண்கள் அணிக்கு அவர் கேப்டன். பகலில் வேலை, மாலையில் தொடங்கும் பயிற்சி நள்ளிரவு வரை. பயிற்சியாளர் ஹிரோபுமி தைமாட்சு, இரண்டாம் உலகப்போரில் நம் இம்பால் எல்லைவரை வந்து உயிர் பிழைத்துத் திரும்பியவர். மகா கடுமையானவர். அந்தக் கடுமை சரிதானா என்று அன்றே கேட்டவர்கள் உண்டு. எனக்கும் அந்தக் கேள்வி இருக்கிறது.

ஜப்பானில் முன்பு அணிக்கு 9 பேர் ஆடுவதே வழக்கம். உலகப் போட்டிக்காக 6 பேர் ஆட்டத்துக்கு மாறினார்கள். இஞ்சினியர் புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பக்கத்துக் களம் 81 சதுர மீட்டர், ஆளுக்கு 13.5 சதுர மீட்டர் காக்க வேண்டும். எட்டாத பந்துக்குப் பாய்ந்து விழத்தான் வேண்டும். விழுந்த வேகத்திலேயே தோளில் உருண்டு எழுந்து நிற்கும் முறையை இவர்கள் பழகினார்கள். விழுகிற வேகம் முட்டியைத் தாக்காமல் உருளுவதில் செலவாகிவிடுகிறது. அடுத்த பந்துக்கு ஆளும் தயார்.

1960ல் பிரேசிலில் நடந்த உலகப் போட்டியில் சோவியத் அணிக்கு அடுத்த இடம். 1962ல் மாஸ்கோவிலேயே அந்த அணியை வென்று சாம்பியன். அத்தோடு விலகிவிட நினைத்தார்கள். நாடே "ஒலிம்பிக் வரை இருங்கள்" என்று கேட்டது. கசாய் தங்கினார்.

1964 டோக்கியோவில்தான் வாலிபால் முதன்முறை ஒலிம்பிக்கில் நுழைந்தது. ஜப்பான் அணியின் 12 பேரில் 10 பேர் அதே பஞ்சாலைக்காரர்கள். அக்டோபர் 23 இறுதி ஆட்டத்தில் சோவியத் அணியை 15–11, 15–8, 15–13 என்று வென்றார்கள். அப்போது கசாய்க்கு 31 வயது.

1965ல் பிரதமர் சாட்டோ மூலம் வரன் அமைந்து திருமணம் நடந்தது. ஆனால் பந்தை விடவில்லை. பிற்காலத்தில் குடும்பத் தலைவிகளுக்கு வாலிபால் சொல்லிக் கொடுத்தார். 2008ல் சர்வதேச வாலிபால் புகழ் அரங்கில் இடம் பெற்றார். 2013ல் 80 வயதில் காலமானார்.

நம் நாட்டில் வாலிபாலுக்கு 1961லேயே ஏ. பழனிசாமி அர்ஜுனா விருது பெற்றுவிட்டார். பெண்கள் பெயர் அந்தப் பட்டியலில் வர 1970கள் ஆகிவிட்டன, கே.சி. ஏலம்மா 1975ல் பெற்றார். திறமை இல்லாமல் இல்லை. களமும் நேரமும் கிடைக்கத் தாமதம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்தச் சந்திப்பில் நெட் கட்டும்போது முதல் ஆட்டம் முன்னாள் மாணவியர் ஆடட்டும். குழந்தைகளை நாம் பார்த்துக்கொள்வோம். அந்தத் தோழிக்கும் அழைப்பு அனுப்பியிருக்கிறேன். வருவார் என்று நம்புகிறேன்.