மேற்கோளும் நூற்பெயரும்

பண்டை உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டுங்கால் நூற்பெயரைப் பலவிடங்களிற் சுட்டிலர். சீவகசிந்தாமணி உரையில் நச்சினார்க்கினியர், பிறரும் இவ்வாறு கூறினர் என்ற அளவில் அமைந்தார். அப்பிறர் யாவர் என ஆராய்ந்து, அம்மேற்கோள்களுட் பல சங்கச் செய்யுட்களே எனத் துணிதற்கு, 1887-ஆம் ஆண்டுப் பதிப்பின்பொருட்டு உ. வே. சாமிநாதையர் ஏடுகளிற் பட்ட பாடு பெரிது.

இதற்கு மாறாக, 1570 செய்யுட்களைக் கொண்ட புறத்திரட்டு நூற்பெயர்களைக் குறித்துச் செல்கின்றது. இதனை ச. வையாபுரிப்பிள்ளை 1938-இல் பதிப்பித்தார். முழுநூல் மறைந்த முத்தொள்ளாயிரத்தின் நூற்றுக்கு மேற்பட்ட வெண்பாக்களை நாம் அப்பெயரோடு அறிதல் அக்குறிப்பினாலேயாம்.

ஆதலின், ஆய்வுரை வரைவோர் நூற்பெயர், செய்யுளெண், அடியெண் ஆகியவற்றைத் தவறாது குறித்தல் வேண்டும். பக்கவெண் பதிப்புத்தோறும் மாறும்; பாடமும் வேறுபடும். எனவே, பதிப்பாசிரியர் பெயரும் ஆண்டும் உடன் வேண்டப்படும். இன்று நாம் ஒரு நூற்பெயரை விடுவோமாயின், நாளை ஒருவர் அதனை மீண்டும் தேட நேரும்.