ஏலத்துக்கு வராத கூலி: பூண்டுலோயாத் தோட்டங்களில் அரசும் சந்தையும்

நுவரெலியா மாவட்டத்தின் பூண்டுலோயாவைச் சூழ்ந்துள்ள டன்சினன், சீன் முதலிய தோட்டங்களின் தேயிலைக்கு, 1883ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கிய கொழும்பு ஏலத்தில், வாங்குவோர் போட்டியிட்டுக் கேட்பதன் வழியாகவே இன்றும் விலை அமைகிறது. அதே தேயிலையின் கொழுந்தைப் பறிப்பவர்களின் உழைப்புக்கு அத்தகைய திறந்த சந்தை ஒருபோதும் இருந்ததில்லை. அரசு பொருளாதாரத்தில் தலையிடலாமா, ஒதுங்கி நிற்க வேண்டுமா என்ற பொதுவான விவாதம் இம்மலைகளுக்குப் பொருந்துவதில்லை. அரசு ஒதுங்கி நின்ற காலமே இங்கு இல்லையாதலால், அதன் தலையீடு யாருக்குப் பயன்பட்டது என்பதே ஆராயத் தக்கது.

சந்தைக்கு வேண்டிய நிலம், பாதை, ஆள் ஆகிய மூன்றும் குடியேற்ற அரசின் துணையோடு கிடைத்தவை. உரிமையை நிறுவ முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குரியவையாகக் கொள்ள 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்க, அந்நிலங்கள் தோட்டக்காரர்களுக்கு விற்கப்பட்டன. கண்டியை 1867இலும் நானுஓயாவை 1885இலும் எட்டிய ரயில் பாதையை அரசே அமைத்தது. முன்னறிவிப்பின்றி வேலையை விட்டுச் செல்வதை, சிறையில் அடைக்கத்தக்க குற்றமாக்கியது 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம். இதனோடு ‘துண்டு’ என்னும் வழக்கமும் சேர்ந்துகொண்டது. ஆள் திரட்டி வேலை வாங்கும் ஒரு கங்காணியின் ஆட்கள் பட்டிருக்கும் கடன் தொகையைக் குறித்து, அதைக் கட்டித் தீர்ப்பவரிடம் அவர்களை விட்டுவிடுவதாகத் தோட்டத் துரை எழுதித் தரும் சீட்டே துண்டு எனப்பட்டது. அதைக் காட்டிக் கங்காணி வேறொரு தோட்டத்தில் முன்பணம் வாங்குவார். பழைய துரையின் கணக்குத் தீரும். புதிய கடன் ஆட்களின் தலையில் ஏறும். தொழிலாளி இடம் மாறினார் என்பதைவிட, அவருடைய கடன் கைமாறியது என்பதே சரி. இவ்வழக்கம் 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

தொழிலாளியின் பக்கம் நின்ற முதற் பெரிய தலையீடு, 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமாகும். அதன்படி மலைநாட்டுத் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் சிறுவருக்கு 32 சதமும் விதிக்கப்பட்டன. ஒரே மலையில் ஒரே மழையில் நனைந்தவர்களுக்கிடையே அரசே வகுத்த இந்த வேறுபாடு வேதனைக்குரியது. உலகப் பொருளாதார மந்தத்தில் தேயிலை விலை சரிந்தபோது அந்தக் கூலியும் குறைக்கப்பட்டது. ஆனால் முதலாளிகளைச் சரிவின் போக்கில் யாரும் விட்டுவிடவில்லை. இந்தியா, இலங்கை, டச்சு ஆட்சியிலிருந்த கிழக்கிந்தியத் தீவுகள் ஆகிய மூன்று நாடுகளின் உற்பத்தியாளர்களும் 1933இல் செய்துகொண்ட சர்வதேச உடன்பாட்டின்படி, ஏற்றுமதி முதலாண்டில் அடிப்படை அளவின் 85 வீதத்துக்குள் நிறுத்தப்பட்டது. அதை அரசுகள் சட்டமாக்கி, தோட்டந்தோறும் பங்கீடு வகுத்து விலையைத் தாங்கின.

சுதந்திர இலங்கையின் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான மலையக மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கி, அரசின் முடிவுகளில் குரல் கொடுக்கும் வாக்கையும் பறிக்க வழிசெய்தது. இந்நிலையில்தான் காணிச் சீர்திருத்தம் வந்தது. தனியாரின் நிலங்கள் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் கம்பனிகளின் தோட்டங்கள் 1975ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும் அரசுடைமையாயின. லயம் எனப்படும் வரிசை வீடுகளில் வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களுக்குக் காணி கிடைக்கவில்லை. துரையின் பங்களாவில் ஆள் மாறினார். காலைப் பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டம், மாறாமல் நடந்தது. தோட்டங்களை நடத்திய அரசுக் கூட்டுத்தாபனங்கள் நட்டத்தில் மூழ்கியபின், 1992இல் 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் அமைக்கப்பட்டு, தோட்டங்களின் நிர்வாகம் தனியாரிடம் சென்றது. அக்கம்பனிகள் தோட்டங்களை அரசிடம் பெற்ற குத்தகையின் காலம் பின்னர் 53 ஆண்டுகளாக்கப்பட்டது. டன்சினனும் சீனும் எல்பிட்டிய பெருந்தோட்டக் கம்பனியின் கீழ் வந்தன. நிலம் அரசிடமே இருக்க, திறைசேரிச் செயலாளருக்கு ‘பொன் பங்கு’ எனப்படும் சிறப்புரிமைப் பங்கும் ஒதுக்கப்பட்டதால், இதை முழுமையான தனியார்மயம் என்று சொல்ல இயலாது.

இதன்பின் கூலியைக் கூட்டு ஒப்பந்தம், அதாவது முதலாளிமார் சம்மேளனமும் தொழிற்சங்கங்களும் இரண்டாண்டுக்கொரு முறை பேசி முடிக்கும் ஏற்பாடு, தீர்மானித்தது. நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் என்ற கோரிக்கை ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, 2021இல் சம்பள நிர்ணய சபையின் வழியாக நிறைவேறியபோது, கம்பனிகள் அவ்வொப்பந்தத்திலிருந்து விலகின. 2024இல் 1,700 ரூபாய் என வெளியான வர்த்தமானியும் நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பரில் அடிப்படைக் கூலி 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. உற்பத்திச் செலவில் கூலியே பெரும்பகுதி, ஏலவிலையோ தங்கள் கையில் இல்லை என்னும் கம்பனிகளின் வாதம் பொய்யானதன்று. ஆயினும் வர்த்தமானியில் அச்சாகும் தொகை அப்படியே கைக்கு வருவதில்லை. ஒரு நாளின் முழுக் கூலிக்குத் தோட்ட வழக்கில் ‘பேர்’ என்று பெயர். நிர்வாகம் குறிக்கும் 18 அல்லது 20 கிலோ கொழுந்து நிறையாவிட்டால் அரைப்பேரே விழும். தராசடியில் சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் கணக்கப்பிள்ளை கழிக்கும் ஓரிரு கிலோ, முழுப்பேரை அரைப்பேராக்கிவிடப் போதுமானது. சட்டம் உயர்த்திய கூலி அந்தத் தராசடியிலேயே கரைகிறது; அரசின் கண் அங்கே எட்டாதது பெருங்குறை.

டன்சினன் தோட்டத்தில் 2018இல் இந்திய அரசின் நன்கொடையால் 404 வீடுகள் கட்டி வழங்கப்பட்டன. குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலம் கணக்கு. வீட்டுக்கு இப்படி நிலம் கிடைத்தாலும், தேயிலை நிலத்தில் செடிகளை மட்டும் தொழிலாளருக்குப் பிரித்துக் கொடுத்து, பறித்த கொழுந்துக்கு விலை தரும் முறையைக் கம்பனிகள் இப்போது முன்வைக்கின்றன. நாட்டின் தேயிலையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் விளைவிக்கும் சிற்றுடைமையாளர்கள் அதற்கு முன்மாதிரியாகக் காட்டப்படுகிறார்கள். தென்னிலங்கையின் அந்தச் சிற்றுடைமையாளர், சொந்தக் காணியோடும் அரசு மானியத்தோடும் சந்தைக்குள் வந்தவர். விலை பிடிக்காவிட்டால் கொழுந்தை வேறொரு தொழிற்சாலைக்குக் கொடுக்கும் உரிமை அவருக்கு உண்டு. பூண்டுலோயாவில் பிரித்துக் கொடுக்கப்படும் செடிக்குக் கீழுள்ள மண்ணின் உறுதி தொழிலாளியின் பெயரில் எழுதப்படாதவரை, அக்கொழுந்து போக வேண்டிய தொழிற்சாலை ஒன்றே, அதன் விலையைச் சொல்பவரும் ஒருவரே.