தென்னை இழைய வளர்ப்பு

தென்னை இழைய வளர்ப்பாவது, தென்னையிலிருந்து எடுத்த சிறு இழையத் துண்டைக் கிருமி நீக்கிய குடுவையில், உப்பும் சர்க்கரையும் வளர்ச்சி ஓமோனும் சேர்ந்த ஊடகத்தின்மேல் வைத்து, அதினின்றும் முழுக் கன்றுகளைத் தோற்றுவிக்கும் முறையாகும். வாழையைப் போலப் பக்கக்கன்று ஈனாமலும், மாவைப் போல ஒட்டுக்கு இசையாமலும், ஒற்றைக் குருத்தை நம்பியே வாழும் இவ்விருட்சம் இயற்கையில் வித்தினாலன்றிப் பெருகுவதில்லை. நெட்டைத் தென்னையோ பெரும்பாலும் அயன்மகரந்தச் சேர்க்கையாற் காய்ப்பதாகலின், நல்ல தாய்மரத்தின் காயில் முளைத்த பிள்ளை தாயின் குணத்தை முழுதும் பெறும் என்னும் நிச்சயமில்லை.

இந்நிச்சயத்தின் அவசியத்தை இலங்கையின் கிளிநொச்சி மாவட்டத்துப் பளை, முகமாலை, கிளாலி ஆகிய பச்சிலைப்பள்ளி ஊர்களிற் காணலாம். உள்நாட்டு யுத்தத்தில் ஷெல்பட்டுத் தலையிழந்தும், கண்ணிவெடி புதைந்த காணிகளிற் பராமரிப்பாரின்றியும் அழிந்த தோட்டங்களை மீள நடுவோருக்கு, நெட்டையினம் காய்க்க ஆறேழு ஆண்டு செல்வதும், நட்டது அறுபதாண்டு நிற்பதும் சிந்திக்க வேண்டிய விஷயங்களாம். தரமற்ற பிள்ளையை வாங்கியவரின் நஷ்டம் அவர் மக்களையும் சாரும்.

இலங்கையில் தென்னை ஆராய்ச்சி 1928ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஸ்தாபனம் பெற்று, லுணுவிலவை நிலைக்களமாகக் கொண்டது. 1950களில் அம்பக்கெலேயில் அமைந்த தனித்த விதைத்தோட்டத்திலிருந்து கலப்பின வித்துக்கள் விவசாயியின் கைக்கு எட்டின. குடுவையின் பாதை அத்துணை எளிதாயிருக்கவில்லை. வெட்டிய தென்னை இழையம் பீனோற் பொருள்களைக் கசிந்து கறுத்து மடிகிறது. அதைத் தடுக்கச் சேர்க்கும் கரித்தூளோ ஓமோனையும் உறிஞ்சிவிடுவதால், இழையத்துக்கு எவ்வளவு கிட்டிற்று என்று கணிப்பது கடினமாகிறது. முளையத்தின் முளைக்குருத்து நன்கு இசைந்து வளர்வதாயினும், அது கருக்கட்டலின் பின் தோன்றிய புதிய சந்ததியேயன்றிப் பரீட்சிக்கப்பட்ட தாய்மரம் அன்று. இதனாலேயே லுணுவில விஞ்ஞானிகள் கருக்கட்டாத சூலகத்தை எடுத்து, 2007இல் அதிலிருந்து கன்று பெறும் முறையை வெளியிட்டனர்; தாயின் பிரதியைத் தரவல்ல இம்முயற்சி இத்துறையில் மிக்க பெருமைக்குரியது. 2021இல் பெல்ஜியத்து லூவன் ஆய்வாளர் குருத்தையே கிளைக்கச் செய்து பெருக்கும் வழியைக் காட்டினர்.

எனினும் குடுவையிற் கன்று எழுவது பாதி வழியே. நூறு வீத ஈரப்பதனுக்குப் பழகிய மெல்லிலைகள் வெளிக்காற்றில் வாடாதவாறு, நிழலிலும் நாற்றுமேடையிலும் படிப்படியாக அவற்றைப் பழக்குதல் வேண்டும். அதன்பின்னும் அபாயம் உண்டு: மலேசியாவில் 1980களில் நட்ட இழைய வளர்ப்பு எண்ணெய்ப் பனைகள் செழித்து வளர்ந்தும், பூக்கும் பருவத்திற் சில விகாரமான பூக்களை ஈன்று குலைகளை இழந்தன. மரபணு எழுத்து மாறாது, அதன்மேற் படிந்த மெதைல் என்னும் இரசாயனக் குறி ஓரிடத்திற் குறைந்தமையே காரணம் என்பது 2015இற்றான் வெளியாயிற்று.

மேலும், நிலமும் வேறு: லுணுவில இடைவலயத்தது; பளையோ வடகீழ்ப் பருவமழையை நம்பி, அதன்பின் நெடுங்கோடையைத் தாங்கும் வரள்வலய நிலம். ஆதலின் தாயின் பிரதியான குளோன் கன்றுகளைப் பளையின் மண்ணிலேயே நட்டு, பூவும் காயும் கண்டு, பல பருவத்து விளைச்சலைப் பதிவு செய்த பின்னரே விற்பனைக்கு விடுதல் தகும். அதுவரை அங்குள்ள தோட்டக்காரருக்குத் தெரிந்தெடுத்த தாய்மரத்து வித்தும் கலப்பினப் பிள்ளையுமே உகந்தவை.